நாலால் வகுத்த கயிறு

மார்ச் 4

அன்பு மருமகளுக்கு,

ஏரியும் நானும் சுகமாக இருக்கிறோம். ஏரிக்குத்தான் கொஞ்சம் சளி, காலையில் புகை புகையாக மூச்சு விடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். விசாரிப்பு முடிந்தது. இனி சண்டை.

உன்னைப் பெற்ற என் அக்கா எழுதியிருக்கிறாள். உன் புகுந்த வீட்டில் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாமே, "கால்வாசி மாமா" என்று! படித்த வேகத்தில் கையிலிருந்த துடுப்பை வீசினேன். அது அக்கரையில் போய்த்தான் விழுந்தது.

நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? கல்யாண விருந்தில் உன் மாமனார் கேட்டார், "நீங்க என்ன தொழில் பண்றீங்க?" என்று. மோட்டார் படகு வைத்திருக்கிறேன், மலையேற வருகிறவர்களை ஏரிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருகிறேன் என்றேன். "நீங்க அந்த உச்சிக்குப் போயிருக்கீங்களா?" என்றார். போயிருக்கிறேன் என்றேன். அதோடு நிறுத்த நான் என்ன தபால்பெட்டியா? மொட்டையின் உச்சியிலிருந்து ஒரு சினை ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கியதையும், பாதி வழியில் அது இரண்டு குட்டி போட்டதையும், ஏறும்போது ஒற்றை ஆளாக ஏறியவன் நாலு உயிராக இறங்கியதையும் சொன்னேன். (சிகரத்துக்கு வரைபடத்தில் வாயில் நுழையாத பெயர் இருக்கிறது. தலையில் புல்கூட முளைக்காததால் எங்களுக்கு அது மொட்டை.) எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கத்தானே சொன்னேன்! ஆனால் சிரிப்பது வேறு, பெயர் வைப்பது வேறு. ஏழாம் வகுப்பை மூன்று வருடம் ஆழமாகப் படித்தவனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

உன் புருஷனை, அந்தக் கணக்கு வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வா. ஏறிப் பார்க்கட்டும். மொட்டையின் மேல் நின்றுகொண்டு என்னைக் கால்வாசி என்று கூப்பிடட்டும், பார்க்கிறேன்.

போனில் திட்டலாம் என்றால் மலை நடுவில் நின்றுகொண்டு விடமாட்டேன் என்கிறது. அதுவும் நல்லதுதான். போன் என்றால் பாதியில் வைத்துவிடுவீர்கள்.

கோபத்திலும் அன்பு குறையாத,
ஏரிக்கரை மாமா


மார்ச் 19

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எக்ஸ்ரே அறையில் நின்று நின்று எனக்குக் கால் கடுக்கிறது, அது தொழிலோடு வந்தது. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? உள்ளதைச் சொல்லுங்கள்.

உங்களுக்குக் கோபம் வந்ததா? எனக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று யோசித்தீர்களா? நீங்கள் ஆட்டையும் குட்டிகளையும் இறக்கிவைத்துவிட்டுப் படகேறிப் போய்விட்டீர்கள். அந்த வீட்டில் இருப்பவள் நான். விருந்து முடிந்து கை கழுவும்போதே அவர், "உங்க மாமா சொல்றதை நாலால வகுத்தா சரியா வரும்போல" என்றார். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். தம்பிக்காக ஒரு வார்த்தை பேசக்கூடாதா? "நாங்க எப்பவுமே அப்படித்தான் மாப்பிள்ளை வகுத்துக்குவோம்" என்றாள், குடும்பச் சொத்தை எடுத்துக் காட்டுகிறவள் போல.

இப்போது அந்த வகுத்தல் என் தலையில் விடிந்திருக்கிறது. போன வாரம், "இன்னிக்கு நாப்பது பேருக்குப் படம் எடுத்தேன், இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்றேன். அத்தை பாத்திரம் துடைத்துக்கொண்டே, "அப்போ பத்து பேர்" என்றார். முந்தாநாள் காய்ச்சல். நூற்றிரண்டு என்றேன். "நாலால வகுத்தா இருபத்தஞ்சரை. ஐஸ்கட்டி ஆயிட்டியே!" என்று மாமனார் கைதட்டிச் சிரித்தார். நான் கேட்டது ஒரு மாத்திரை. உங்கள் மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்தார் மாமா. பல்லைக் கடித்துக்கொண்டு நானே எழுந்து போய் எடுத்துக்கொண்டேன்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். ஜூன் பாதி வரை அவருக்குப் பள்ளி விடுமுறை. நாங்கள் வருகிறோம். மொட்டையில் ஏறப்போகிறேன். திரும்பி வந்து அதே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணால் கண்டதைச் சொல்லப்போகிறேன். அவர்கள் பெற்ற பிள்ளையே பக்கத்தில் சாட்சியாக உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு என் பேச்சை எவராவது வகுக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். வழி எப்படி, எங்கே கையை ஊன்றி ஏற வேண்டும், என்னென்ன கொண்டுவர வேண்டும், ஒரு கடிதம். ஒரே ஒரு கடிதம் மாமா, உப்பு காரம் சேர்க்காமல்.

உங்கள்மேல் எரிச்சலாக இருக்கும்,
மருமகள்


ஏப்ரல் 2

என் தங்கத்துக்கு,

காய்ச்சல் விட்டதா? முழங்கால் பற்றிக் கேட்டாய். அதற்கு இன்னும் இருபது வயதுதான். என்னோடு சேர்ந்து வளரவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் உன் மாமனார் மேல் எனக்கு ஏறிய சூட்டில், அடுப்பு மூட்டாமலே டீ கொதித்துவிட்டது. மாத்திரை கேட்டவளுக்குக் கணக்கா போடுவது? அந்த வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வரட்டும், நானும் வந்து வகுக்கிறேன்.

சரி, வழி. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அக்கரையில் இறங்கினதும் மரக்கூட்டம். ஓடை ஒன்று கூடவே வரும், அதை இடது கைப்பக்கம் வைத்துக்கொண்டு போ. குறுக்கே எட்டு மரப்பாலம் வரும். படகுத்துறையிலிருந்து கல்சரிவு வரை பன்னிரண்டு கிலோமீட்டர். கல்சரிவு என்பது மலை உதிர்த்துப் போட்ட கற்கள். இரண்டடி ஏறினால் ஓரடி கீழே இழுக்கும், உன் மாமியாரைப் போல. நான் முதல் தடவை ஏறியபோது ஒரு கழுகு என் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு வாரம் கழித்து, அளவு சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து போட்டது.

கல்சரிவுக்கு மேலே மலை மூன்று இடத்தில் பிளந்திருக்கும். மூன்றும் ஒரே அச்சு. நடுப்பிளவுதான் வழி. மற்ற இரண்டும் ஆசைகாட்டி மேலே கொண்டுபோய்ச் செங்குத்தில் முட்டவிடும். நடுப்பிளவில் நடை கிடையாது, கையும் காலுமாகத் தவழ்ந்து ஏறுவதுதான். அதன் தலைமாட்டில் ஒரு பாறைச் சுவர் துருத்திக்கொண்டு நிற்கும். தாடை என்போம். ஓரத்தில் ஒரு வெடிப்பு, அதில் கைவிட்டு ஏறுவது சுலபம். இறங்குவதுதான் ஆபத்து, கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. தாடைக்கு மேலே ஒரு குண்டுப்பாறை இருக்கிறது. கயிற்றை அதைச் சுற்றி இரட்டையாகத் தொங்கவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடித்து இறங்க வேண்டும். இறங்கியதும் ஒரு முனையை இழுத்தால் கயிறு கைக்கு வந்துவிடும். அதற்கு நூறு அடிக் கயிறு வேண்டும். நூறு அடி. குறையக்கூடாது.

தாடையிலிருந்து முகட்டோடு நடந்தால் உச்சி. அங்கே நின்று தும்மாதே. நான் ஒருமுறை தும்மினேன், கீழே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. மேகம் மதியத்துக்குப் பிறகு ஏரிப்பக்கமிருந்து ஏறும். அதற்குள் தாடையை விட்டு இறங்கிவிடு.

உன் பக்கம் நிற்கும்,
மாமா


மே 17

அன்புள்ள மாமாவுக்கு,

உடனே பதில் போடாததற்குக் காரணம் ஆஸ்பத்திரியில் என் விடுப்புக்கு நடந்த இழுபறி. இப்போது கிடைத்துவிட்டது. எல்லோரும் சௌக்கியம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தைப் படித்தவுடனே அவர் வரைபடம் ஒன்று வாங்கி வந்தார். அளவுகோல் வைத்து அளந்தார். படகுத்துறையிலிருந்து கல்சரிவு வரை மூன்று கிலோமீட்டர். நீங்கள் எழுதியது பன்னிரண்டு. ஓடையில் இரண்டு பாலம். நீங்கள் எழுதியது எட்டு. "பார்த்தியா? நாலு! ரெண்டு தடவையும் கரெக்டா நாலு!" என்று கூடம் முழுக்க ஆடினார். வகுப்புப் பலகையில்கூட எழுதிப் போடுவாராம். எனக்கு அவமானமாக இருந்தது. உப்பு காரம் வேண்டாம் என்று எவ்வளவு கெஞ்சினேன்? ஆனால் என்ன சண்டை போடுவது, கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது.

நல்ல காலணி வாங்கிவிட்டோம். கயிறும் வாங்கியாயிற்று. ஜூன் பத்தாம் தேதி காலையில் படகுத்துறைக்கு வந்துவிடுவோம். தயவுசெய்து அவர் எதிரில் ஆட்டைப் பற்றிப் பேசாதீர்கள்.

மருமகள்


மே 29

தங்கமே,

சுகம். சுகம் என்று எழுதினாலும் நம்பவா போகிறீர்கள்?

வரைபடம் போட்டவன் வானத்திலிருந்து எட்டிப் பார்த்தவன். நான் காலால் அளந்தவன். களைத்துப்போன காலுக்கு மூன்று கிலோமீட்டர் பன்னிரண்டுதான். பாலத்தில் போகும்போது இரண்டு, வரும்போது இரண்டு, வழி தப்பித் திரும்பினால் இன்னும் நாலு. உன் வாத்தியாருக்கு நடந்து பழக்கமில்லை, அதனால் புரியவில்லை.

படகுக்குப் புதுசாக நீலம் அடித்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஏரியே வெட்கப்பட்டு நிறம் மாறிவிட்டது. கயிறு வாங்கிவிட்டாய் என்றாய், நிம்மதி. வாருங்கள், ஆட்டைப் பற்றி மூச்சு விடமாட்டேன். குட்டிகளைப் பற்றி மட்டும் கேட்டால் சொல்வேன்.

மாமா


ஜூன் 30

மாமாவுக்கு,

எங்கள் நலத்தைப் பற்றி நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள். அதுதான் உங்களுக்கு நன்றாக வருமே.

அவருக்கு இரண்டு குதிகாலும் நொறுங்கியிருக்கிறது. படம் எடுத்தது நான்தான். மாற்று ஆள் வராத நாள் அது. என் புருஷனின் காலை நானே பலகையில் திருப்பி வைத்து, அவர் கத்தக் கத்த, "அசையாதீங்க" என்று சொன்னேன். திரையில் வந்ததைப் பார்த்தேன். கீழே போட்டு மிதித்த முட்டை ஓடு மாதிரி இருந்தது. ஆறு மாதமாவது ஆகுமாம் நடக்க. பழையபடி நடப்பாரா என்று டாக்டர் சொல்லவில்லை.

அங்கே என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. நான் சொல்கிறேன். உச்சிக்குப் போய்விட்டோம். திரும்பும்போது மேகம் வந்துவிட்டது. தாடைக்கு வந்து சேர்ந்தபோது வெடிப்பெல்லாம் ஈரம். பையிலிருந்து கயிற்றை எடுத்தார். இருபத்தைந்து அடி. நீங்கள் எழுதிய நூறை நாலால் வகுத்து வாங்கிய இருபத்தைந்து. ஏறும்போது அந்தச் சுவர் உயரமாகவே தெரியவில்லை மாமா. மேலிருந்து எட்டிப் பார்த்தபோது அடியே கண்ணுக்குத் தெரியவில்லை. இரட்டையாகப் போட வழியில்லை. ஒற்றையாகக் கட்டி, "நான் போய் கீழேருந்து வழி சொல்றேன்" என்று இறங்கினார். கயிறு முடிந்த இடத்துக்குக் கீழே இன்னும் இரண்டு ஆள் உயரம் இருந்தது. காலால் துழாவினார், ஒன்றும் அகப்படவில்லை. கை ஓய்ந்து விட்டுவிட்டார். கல்லின் மேல் நின்றபடி விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் மேலே, அவர் கீழே, நடுவில் மேகம். அவர் முனகினார், பிறகு அதுவும் நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. எங்கோ கீழிருந்து, பக்கமா தூரமா என்று தெரியாமல், கொம்பு ஊதும் சத்தம் வந்தது. விட்டு விட்டு, நிற்காமல். மீட்புக் குழுதான் ஊதிக்கொண்டே வருகிறது என்று அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் மங்கும் நேரத்தில் வந்து என்னை இறக்கினார்கள்.

கீழே வந்தால் நீங்கள் படகில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்நாளெல்லாம் வாய் ஓயாத மனுஷன், என் புருஷனைத் தூக்குக்கட்டிலோடு படகில் ஏற்றும்போது வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

கயிறு மட்டும் உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும்? அதே தாளில்தானே கழுகு தொப்பியைத் திருப்பிக் கொடுத்தது! நீங்கள் தும்மிப் படகு கவிழ்ந்தது! இத்தனை பொய்க்கு நடுவில் ஒரு உண்மையை வைத்துவிட்டு, அதைச் சரியாகப் பொறுக்கி எடுக்கவில்லை என்று யாரைக் குற்றம் சொல்வீர்கள்?

அத்தை, "உன் மாமா வாய் என் பிள்ளை காலை உடைச்சிடுச்சு" என்கிறார். உச்சியைப் பார்த்தேன் என்று இந்த வீட்டில் நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.


ஜூலை 9

மருமகளுக்கு,

மாப்பிள்ளையின் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஒன்றுமில்லை. உதட்டில் புண், அதனால் சூடாக எதையும் குடிக்க முடியவில்லை. முழங்கால் வீங்கியிருக்கிறது. படகு ஓட்டிய அலுப்பு.

நூறு என்று எழுதினேன். இரண்டு தடவை எழுதினேன். குறையக்கூடாது என்றும் எழுதினேன். வேறு எப்படி எழுத வேண்டும்? என் வாழ்க்கையில் ஒரு தடவை உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதையும் அறுத்துவிட்டீர்கள். பன்னிரண்டு மூன்றாகட்டும், எட்டு இரண்டாகட்டும், அதனால் யார் காலும் உடையாது. உன் மாமா உன்னைத் தாடையின் மேல் ஏற்றிவிட்டுக் கயிற்றில் விளையாடுவானா? அது உனக்குத் தோன்றவே இல்லையா? அந்த வாத்தியாருக்குத் தோன்றாது. உனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

படகில் ஏறும்போது கேட்டேன். "கயிறு இருக்கா?" "இருக்கு மாமா" என்றாய். பையைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. உன் பேச்சை நான் வகுப்பதில்லை.

நான் படகில் இருந்தேன். வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மாமா


ஆகஸ்ட் 6

தம்பிக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை கேட்கப் போவதில்லை.

நேற்று சம்பந்தி வீட்டுக்குப் போனேன். அந்த அம்மாள் எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நான் என்ன செய்தேன்? உன்கூடப் பிறந்தேன், அதுதான் செய்த தப்பு. மாப்பிள்ளை காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். உன் பெயரை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் மருமகள் வேலைக்குப் போகிறாள், வருகிறாள், துணி மடிக்கிறாள். இவ்வளவு வாய் அடிக்கிறாயே, உன்னை நம்பி வந்த இரண்டு பேரைத் தேடி நாலு எட்டு வைத்து மேலே போனாயா? படகில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தாயாமே!

இரண்டு மாதமாக எனக்கு ஒரு வரி எழுதவில்லை. வெட்கமா, திமிரா? எதுவானாலும் எழுது.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள மாமாவுக்கு,

உதட்டுப் புண் ஆறிவிட்டதா? முழங்கால் வீக்கம் வடிந்ததா? இந்த இரண்டு கேள்வியையும் ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டும். படித்துவிட்டு, எக்கேடு கெட்டும் போகட்டும் என்று மடித்து வைத்தவள் நான்.

நேற்று எல்லோரும் கூடத்தில் இருந்தோம். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். மீட்புக் குழுத் தலைவர் உங்கள் மாப்பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க போன் செய்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

"நடக்க இன்னும் நாளாகுமா? பரவால்ல, மெதுவாத் தேறட்டும். அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்? அவருக்கு ஒதடெல்லாம் வெடிச்சு ரத்தம் வந்துச்சே" என்றார்.

"எந்தப் பெரியவர்?" என்றேன்.

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? படகுக்காரர். அந்த மேகத்துல மூணு பிளவுல எது நடுன்னு எங்களால சொல்லவே முடியாது. தப்பான பிளவுல ஏறியிருந்தா அன்னிக்கு உங்களைத் தொட்டிருக்க மாட்டோம். மேகம் ஏறியும் நீங்க திரும்பலைன்னதும், படகுத்துறை டீக்கடை அம்மாவை அவங்க கடை லேண்ட்லைன்ல எங்களுக்குப் போன் பண்ணச் சொல்லிட்டு, அவர் படகுல ஊதுற கொம்பை எடுத்துக்கிட்டு முன்னாடியே ஏறிட்டார். தாடை அடியில உங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு ஊதிக்கிட்டே இருந்தார். நாங்க அந்தச் சத்தத்தைப் பிடிச்சுத்தான் ஏறினோம். தன்னோட கோட்டை இவருக்குப் போட்டுட்டு அவர் வெறும் சட்டையில நடுங்கிக்கிட்டு நின்னார். நீங்க போய்ப் படகைத் தயார் பண்ணுங்கன்னு நான்தான் கீழே விரட்டினேன்."

அத்தை மடித்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் உங்கள் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"மாமா அங்க வந்தாரா? நீங்க பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன்."

"மூணு மாசம். ஏன் சொல்லல?"

"உங்க மாமாவே சொல்லலியே. நான் எதுக்குச் சொல்லணும்?"

மாமா, எனக்கு அப்படி ஒரு கோபம் வந்ததே இல்லை. "என் அம்மா இங்க வந்து தண்ணிகூட இல்லாம உக்காந்துட்டுப் போனாங்க. அப்பவும் சுவரைப் பார்த்துக்கிட்டுத்தான் படுத்திருந்தீங்களா?" என்று கத்தினேன். மாமனார், "மெதுவாப் பேசும்மா" என்றார். "நாலால வகுத்துக்குங்க, மெதுவாத்தான் கேக்கும்" என்றேன். அந்த வீட்டில் முதல்முறையாக யாரும் சிரிக்கவில்லை.

அவர் மேல் போர்த்தியிருந்த அந்தக் கோட்டை மீட்புக் குழுவுடையது என்று நினைத்துத் துவைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அது உங்களுடையது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

கோபம் அவர் மேல் மட்டும் இல்லை. உங்கள் மேலும்தான். இல்லாத ஆட்டை இத்தனை வருடம் சுமந்தீர்களே, இதை ஏன் ஒரு வரி எழுதவில்லை? "படகில் இருந்தேன்" என்று ஏன் எழுதினீர்கள்? அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் உங்களை எவ்வளவு திட்டினேன் தெரியுமா? அந்தக் கொம்புச் சத்தம் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால் நான் வெடிப்பில் இறங்கிப் பார்த்திருப்பேன், மாமா. இறங்கியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இல்லை.

பதில் எழுதுங்கள். எழுதாமல் இருந்தால் நேரில் வந்து சண்டை போடுவேன்.

உங்கள் மருமகள்


அக்டோபர் 3

என் தங்கத்துக்கு,

உதடு ஆறிவிட்டது. முழங்கால் ஆறவில்லை, இனிமேல் ஆறாது என்று நினைக்கிறேன். படியில் ஏறும்போது ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறேன். இது உள்ளது உள்ளபடி. உன் கால் கடுப்புக்கு வெந்நீரில் காலை வை.

ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். எனக்கும் கோபம்தான், கேட்டுக்கொள்.

அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. கல்சரிவில் மூன்று இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். இனி எழுந்திருக்க முடியாது என்று நினைத்தேன். நடுப்பிளவில் கையும் காலுமாகத் தவழ்ந்தேன், கீழே பார்க்கவில்லை. மேலே போனால் மாப்பிள்ளை கண்ணை மூடிக் கிடக்கிறார். செத்துவிட்டார் என்றே நினைத்துவிட்டேன். தொட்டதும் முனகினார். நீ மேலே எங்கோ இருக்கிறாய், கத்தப் பார்த்தேன், ஏறின இரைப்பில் குரல் எழும்பவில்லை. கொம்பைத்தான் எடுத்தேன். மூடுபனியில் படகோடு படகு மோதாமலிருக்க ஊதுகிற கொம்பு, அரை நாளில் நாலு தடவை ஊதினாலே தலை சுற்றும். நிறுத்தினால் நீ இறங்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும். நீ அக்கா பெற்றவள், சும்மா உட்கார மாட்டாய். அதனால் நிறுத்தவில்லை. கீழே வந்த பிறகு பேச உதடு எங்கே இருந்தது? அதைத்தான் நீ மன்னிக்க மாட்டேன் என்று எழுதினாய்.

இதை எழுதியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? மேசையில் வைத்து வாசித்திருப்பீர்கள். உன் மாமனார் கைதட்டியிருப்பார். நாலால் வகுத்திருப்பீர்கள். வகுத்தால் என்ன மிஞ்சும்? கல்சரிவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வந்த ஒரு கிழவன் மிஞ்சுவான். ஆட்டை வகுத்தால் எனக்கு நஷ்டமில்லை, ஆடே கிடையாது. கழுகை வகு, தும்மலை வகு, எல்லாம் காற்று. இது அப்படி இல்லை. இதை உங்கள் யார் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. திட்டினாலும் திட்டட்டும், முழுசாக என்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். அக்காவுக்குக்கூட எழுதவில்லை.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். நிறைய இருக்கிறது. அவர் பல் தந்தியடித்ததைக் கேட்டுக்கொண்டே கோட்டைக் கழற்றினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு "போயிடாதீங்க, போயிடாதீங்க" என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் இப்போதுதான். அந்த வாய் மூன்று மாதம் மூடிக்கிடந்திருக்கிறது, அக்கா தாகத்தோடு திரும்பிப் போன அன்றும்.

எனக்கு மன்னிப்புக் கடிதம் எதுவும் வேண்டாம். அவர் எழுதி அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவேன். அவர் கால் ஊன்றி நடந்ததும், அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முதலில் தண்ணீர் கொடுங்கள். என்னையும் கூப்பிடுங்கள். உன் மாமனார், மாமியார், எல்லோரும் அதே மேசையில் உட்காரட்டும். முதலில் நீ உச்சியில் என்ன பார்த்தாய் என்று சொல். ஒருவரும் குறுக்கே பேசக்கூடாது. பிறகு அவர் சொல்லட்டும், அன்றைக்குத் தாடை அடியில் என்ன நடந்தது என்று, தன் வாயால். நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். வாயே திறக்க மாட்டேன்.

அவர் குறைத்துச் சொன்னால் எழுந்து போய்விடுவேன். கூட்டிச் சொன்னால் திருத்த மாட்டேன்.

உன் மாமா